கறுப்புப் பக்கம் வருவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன்

வடசென்னை நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் மற்ற 38 பேருக்கும்,

வணக்கம். வியாசர்பாடியில் ஒரு மாடியில், பத்துக்குப் பத்து அறையில் பாட்டுப் பதிவு செய்து பிழைப்பவன் நான். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன். அப்படியும் ரயில் போனால் பதிவை நிறுத்த வேண்டியிருக்கும். கானா, சர்ச் பாட்டு, ஆடி மாசத்தில் அம்மன் பாட்டு, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் பிரசாரப் பாட்டு. உங்களில் இரண்டு மூன்று பேருடைய புகழ் என் ஹார்ட் டிஸ்கில் கண்டிப்பாக இருக்கிறது.

திருட்டுப் படம், பதிப்புரிமை, இணையக் கம்பெனி என்று எந்தச் சட்டம் பேச்சுக்கு வந்தாலும் உங்கள் வீட்டு வாசலுக்கு இரண்டு தரப்புதான் வரும். ஒன்று சினிமாக்காரர்கள், இன்னொன்று கம்பெனிக்காரர்கள். இரண்டு பேருமே எங்களைக் காப்பாற்றத்தான் வந்திருப்பதாகச் சொல்வார்கள். அதில் கம்பெனிக்காரர், சட்டம் தன் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்த அன்றைக்கே எங்களை உங்கள் மேல் ஏவிவிடுவார். லட்சக்கணக்கில் மின்னஞ்சல் வரும், எல்லாம் ஒரே வாசகமாக இருக்கும். அதற்கு முன்னால், ஒருத்தன் தன் சொந்தப் புத்தியில் எழுதியது ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

என் கையும் சுத்தமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2002, 2003-ல் பர்மா பஜாரில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த தமிழர்கள் பிழைக்கட்டும் என்று 1969-ல் அரசு ஏற்படுத்திக் கொடுத்த கடைவரிசை அது. நான் போன காலத்தில் அங்கே ஓடிய சரக்கு திருட்டு விசிடி. வெள்ளிக்கிழமை படம் வந்தால் சனிக்கிழமை சாயங்காலம் கவர் போட்டு வந்துவிடும். "கேமரா பிரிண்ட்டா, நல்ல பிரிண்ட்டா?" என்பதுதான் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. கேமரா பிரிண்ட்டில் இடைவேளைக்கு முன்னால் யாரோ எழுந்து போகிற தலை குறுக்கே தெரியும். அந்தத் தலைக்காகவே பத்து ரூபாய் குறைத்துக் கேட்பார்கள்.

2004-ல் குண்டர் சட்டத்தில் எங்களையும் சேர்த்தார்கள். 1982-ல் வந்த சட்டம் அது. பேரிலேயே பட்டியல் நீளும்: கள்ளச் சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, வனக் குற்றவாளி, குண்டர், இப்படிப் போய்க் கடைசியில் வீடியோ திருடர் என்று ஒட்டினார்கள். வழக்கு நடந்து தீர்ப்பு வர வேண்டும் என்பதில்லை, 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்படிப் போய்வந்தார். பேர் வேண்டாம், இன்றைக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் விற்ற டிஸ்கை அடித்துக் கொடுத்தவன் யார், மாஸ்டர் காப்பி எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் எங்கள் வரிசையில் யாருக்கும் தெரியாது. மாட்டியது கவரில் போட்டுக் கொடுத்தவர்தான்.

நான் விற்றதைச் சரி என்று சொல்லவில்லை. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை 2020-ல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். தியேட்டர் மூடக் காரணம் ஆயிரம் இருக்கும். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

அப்புறம் நான் பிரவுசிங் சென்டர் வைத்தேன். 2012 ஜனவரி 18, புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். பாலிடெக்னிக் பையன் ஒருவன் புராஜெக்டுக்கு எதையோ பார்த்துக்கொண்டிருந்தவன், "அண்ணே, விக்கிப்பீடியா கறுப்பாப் போச்சுண்ணே" என்றான். வைரஸ் என்று நினைத்து நான் மெஷினையே மாற்றிப் போட்டேன். அங்கேயும் அதே கறுப்பு. ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்கத் தன்னை மூடிக்கொண்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கூகுள் தன் அமெரிக்கப் பக்கத்தில் பேரின் மேலே கறுப்புப் பட்டை ஒட்டி, கையெழுத்து கேட்டது. 70 லட்சம் பேர் போட்டார்கள்.

எதற்காக? அமெரிக்கக் கீழவையில் 2011 அக்டோபரில் லாமர் ஸ்மித் என்கிற உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவந்தார். சுருக்கமாக அதைச் சோபா என்றார்கள் (உட்காருகிற சோபா இல்லை). மேலவையில் அதற்கு ஒரு ஜோடி மசோதா, பிப்பா. திருட்டுப் படம் போடுகிற வெளிநாட்டுத் தளங்களைத் தேடுபொறியிலிருந்து எடுக்க வேண்டும், அவற்றுக்கு விளம்பரக் காசும் கிரெடிட் கார்டுக் காசும் போகக் கூடாது, இணைய முகவரி ஏட்டிலேயே பேரை மறைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. ஹாலிவுட் ஆதரித்தது. இணையக் கம்பெனிகளும், அவர்களோடு சம்பந்தமில்லாத பல நல்ல பொறியாளர்களும் எதிர்த்தார்கள். முகவரி ஏட்டில் கைவைத்தால் இணையத்தின் பாதுகாப்பே கெடும் என்பது பொறியாளர்கள் சொன்ன காரணம், அது நியாயமானது. கறுப்புப் பக்கம் வந்த இரண்டாம் நாள், ஜனவரி 20-ல், இரண்டு மசோதாவையும் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

நானும் அன்றைக்குக் கைதட்டியவன்தான். அந்த மசோதா மோசமானது என்றே இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதற்குள்ளே ஒரு நல்ல விதை இருந்தது. திருட்டுத் தளத்துக்கு வருகிற காசை நிறுத்து என்பது அது. பொதியோடு சேர்த்து அதையும் குப்பையில் போட்டார்கள். விளம்பரம் விற்றுப் பிழைக்கிற கம்பெனிக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது.

அதே வருஷம் மே மாதம் நம் ஊரிலேயே ஒரு சின்ன சோபா நடந்தது. '3' படத்துக்காக அதன் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில், யார் எவர் என்று பேர் குறிப்பிடாத ஆட்களுக்கு எதிராக ஒரு தடை உத்தரவு வாங்கியிருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இணையச் சேவைக் கம்பெனிகள் விமியோ, டெய்லிமோஷன் என்று தளம் தளமாக இழுத்து மூடின. கல்யாண வீடியோவை விமியோவில் போட்டு வைத்திருந்த ஒரு போட்டோகிராபர் என் சென்டரில் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஜூன் மாதம் நீதிமன்றமே, தளத்தை முழுசாக மூடச் சொல்லவில்லை, திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட பக்கத்தை மட்டும்தான் என்று விளக்கியது. எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அதை ஒரு மாசம் நேரில் பார்த்தோம்.

சரி, என் இன்றைய தொழிலுக்கு வருகிறேன். காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றுகிற தம்பி ஒருவன், நல்ல கானாக்காரன். கூட்டாளியின் அம்மா இறந்தபோது சாவு வீட்டில் விடிய விடிய பாடியதை, காரியம் முடிந்தபிறகு என் அறைக்கு வந்து ஒருதரம் பாடினான். டோலக்கும் ஆர்மோனியமும் மட்டும்தான் கூட. அந்த அம்மா இட்லிக் கடை போட்டிருந்த தெருமுனை பாட்டில் வரும், அவர் கடன் சொல்லியும் ஊற்றுகிற சாம்பார் வரும். 2018-ல் ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினோம். ஊரெல்லாம் பார்த்தது. மாசம் இரண்டாயிரம், மூவாயிரம் வந்தது. அதில் அவன் தங்கச்சிக்கு ஸ்கூல் பீஸ் கட்டினான்.

மூன்று வருஷம் கழித்து ஒரு சினிமாவில் அதே மெட்டில் ஒரு பாட்டு வந்தது. அதற்காக நாங்கள் கோபப்படவில்லை. அந்த மெட்டு என்னுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை, தலைமுறை தலைமுறையாகப் பாடைக்கு முன்னால் பாடிவந்த மெட்டு. ஆனால் பாட்டுக் கம்பெனி தன் பாட்டைத் தளத்தின் ஒப்பிடும் யந்திரத்தில் பதிந்துவைத்திருந்தது. யந்திரத்துக்கு எது முந்தியது, எது பிந்தியது என்கிற விவரமெல்லாம் தெரியாது. மெட்டு ஒத்துப்போகிறது என்று கண்டுபிடித்து, 2018-ல் ஏற்றிய பாட்டின் விளம்பரக் காசை 2021-ல் வந்த பாட்டின் முதலாளிக்குத் திருப்பிவிட்டது.

ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி போனை நீட்டினான். எல்லாம் ஆங்கிலம். "ண்ணா, இன்னா போட்டுக்குது?" படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "நம்ம பாட்டு நம்மள்து இல்லன்றானா?" என்றான்.

ஆட்சேபம் எழுதிப் போட்டோம். அதைப் பரிசீலிப்பவர் யார் தெரியுமா? உரிமை கேட்ட அதே பாட்டுக் கம்பெனி. திருடன் என்று சொன்னவரிடமே போய் நான் திருடனா என்று கேட்கிற ஏற்பாடு. ஒரு மாசம் ஆகப்போகிற சமயத்தில் ஒரு வரியில் நிராகரித்தார்கள். மேலே முறையிட்டோம். பாட்டையே இறக்கிவிட்டு, கணக்கின் மேல் ஒரு எச்சரிக்கையும் போட்டார்கள். மூன்று எச்சரிக்கை வந்தால் கணக்கே போய்விடும், அதோடு என் அறையில் பாடிய நாற்பது ஐம்பது பேருடைய பாட்டும் போய்விடும். கடைசியாக ஒரு படிவம் மிச்சமிருந்தது. பேரும் வீட்டு விலாசமும் எழுத வேண்டும், அவை எதிர்த் தரப்புக்குப் போகும். அமெரிக்காவில் அந்தத் தளம் இருக்கிற வட்டாரத்து நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அமெரிக்கா கோர்ட்டுக்கு நான் எப்டிண்ணா போவேன்? எனுக்கு பாஸ்போட்டே கெடையாது." படிவத்தை மூடிவிட்டான்.

அந்த வாசகத்தைத் தளம் தானாக எழுதிக்கொள்ளவில்லை. 1998-ல் அமெரிக்கா போட்ட பதிப்புரிமைச் சட்டத்தில் இருப்பது அது. புகார் வந்ததும் இறக்கிவிட்டால் தளத்தின் மேல் பழியில்லை என்பது அந்தச் சட்டத்தின் சாரம். இறக்கப்பட்டவர் எதிர்ப்பு தெரிவிக்க வேண்டுமானால் அங்கேயுள்ள நீதிமன்றத்தை ஏற்க வேண்டும். அமெரிக்காக்காரருக்குச் சரி. ஆனால் நம்மிடமும் ஒரு சட்டம் இருக்கிறதே? 2013-ல் வந்த பதிப்புரிமை விதிகளைப் படித்துப் பாருங்கள். புகார் வந்தால் 36 மணி நேரத்தில் இறக்க வேண்டும். புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் மறுபடி ஏற்றிவிடலாம். அதாவது நம் சட்டப்படி கோர்ட்டுப் படி ஏற வேண்டியவர் புகார்க்காரர், என் தம்பி இல்லை. பொய்யாக மிரட்டுகிறவர் மேல் வழக்குப் போட 1957-ம் வருஷச் சட்டத்திலேயே 60-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் என்ன, யந்திரம், ஆட்சேபம், முறையீடு என்று தளம் எல்லாவற்றையும் தன் வீட்டுக்குள்ளேயே முடித்துவிடுவதால் எங்கள் விஷயத்தில் அந்தச் சட்டத்துக்கு வேலையே வரவில்லை.

இதில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இதுதான். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ஏறி பீச்சில் இறங்கி நடந்தால் சென்னை உயர் நீதிமன்றம். அதில் அறிவுசார் சொத்துரிமைக்கென்றே 2023 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. விசிடி விற்ற காலத்தில் நான் மத்தியானம் டீ குடித்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கட்டடத்தைத் தாண்டி எங்களைக் கலிபோர்னியாவுக்குப் போகச் சொல்கிறது படிவம்.

இப்போது நீங்கள் போட்ட சட்டத்துக்கு வருவோம். 2023 ஜூலையில் சினிமாச் சட்டத்தைத் திருத்தினீர்கள். திருட்டுத்தனமாகப் படம் எடுத்தாலோ பரப்பினாலோ 3 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 3 லட்சத்திலிருந்து படத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம். சினிமாவுக்கு வருஷத்துக்கு 20,000 கோடி நஷ்டம் என்று அரசு கணக்குச் சொன்னது. நவம்பரில் 12 அதிகாரிகளைப் போட்டார்கள், புகார் வந்தால் 48 மணி நேரத்தில் இறக்க வைப்பார்கள். நல்லது, நானே ஒரு காலத்தில் அந்தப் பக்கம் இருந்தவன் என்பதால் பயம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதிலும் சிறைக்குப் போகப் போவது தியேட்டரில் போனைத் தூக்கிப் பிடிக்கிற பையன். அந்தப் படத்தைச் சுமந்து, பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடவிட்டு, அதற்குக் காசு வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற விளம்பரச் சங்கிலியைப் பற்றி ஒரு வரி இல்லை. 2004-ல் கவர் போட்டவர் மாட்டிய கதைதான், கவர் மட்டும் மாறியிருக்கிறது.

கம்பெனிகளைப் பிடிக்கவே முடியாது, சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது என்று உங்களிடம் சொல்வார்கள். 2022-ல் ஒரு பயிற்சி ஆசிரியரின் பாடங்கள் டெலிகிராமில் திருட்டுத்தனமாக ஓடியபோது அந்தக் கம்பெனியும் சிங்கப்பூர் சர்வர் என்றுதான் சொல்லிப் பார்த்தது. டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சேனல் நடத்தியவர்களின் விவரத்தைக் கொடுத்தாக வேண்டியதாயிற்று. கேட்கிற விதத்தில் கேட்டால் கொடுக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது: இந்தியாவில் பாடி இந்தியாவில் ஏற்றிய பாட்டின் மேல் இந்தியக் கம்பெனி உரிமை கேட்டால், வழக்கு நம் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று சட்டத்திலேயே எழுதுங்கள். தகராறு தீரும்வரை விளம்பரக் காசை இரண்டு பேருக்கும் கொடுக்காமல் தனியே வைக்கச் சொல்லுங்கள், அது ஒன்றே பாதிப் பொய்ப் புகாரை நிறுத்திவிடும். 21 நாள் விதி யந்திரப் புகாருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். 50 லட்சம் பேருக்கு மேல் வைத்திருக்கிற தளம் இங்கேயே குறைதீர் அதிகாரி வைக்க வேண்டும் என்று 2021 விதி இருக்கிறது, மேல்முறையீட்டுக்கு மூன்று குழுக்கள் 2023-ல் வந்தன. இப்படி ஒன்று இருப்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது.

இதையெல்லாம் நீங்கள் எழுத ஆரம்பித்த அன்றைக்கு என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் பேஸ்புக் தன் இலவச இணையத் திட்டத்துக்காக என்ன செய்தது என்று ஞாபகம் இருக்கும். திறந்தால் ஒரு பெட்டி, தட்டினால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல். என் அம்மாவின் போனிலிருந்தும் ஒன்று போயிருக்கிறது, அவருக்கு டிராய் என்றால் என்னவென்றே தெரியாது. லட்சக்கணக்கில் குவிந்த அச்சடித்த கடிதங்களைப் பார்த்தும் டிராய் அசரவில்லை. 2016 பிப்ரவரி 8-ல், சில தளத்துக்கு மட்டும் இலவசம் என்கிற மாதிரி பாரபட்சக் கட்டணமே கூடாது என்று உத்தரவு போட்டது. 2018-ல் ஐரோப்பாவின் பதிப்புரிமைச் சட்டத்துக்கு எதிராக யூடியூபின் அப்போதைய தலைவர் சூசன் வோஜிஸ்கி, காணொளி போடுகிறவர்களைக் குரல் கொடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். அந்தச் சட்டத்தில் உண்மையிலேயே குறைகள் இருந்தன, ஆனாலும் 2019 மார்ச்சில் 348-க்கு 274 என்று நிறைவேறியது. ஆஸ்திரேலியா செய்திக்குக் காசு கொடு என்றபோது, 2021 பிப்ரவரியில் பேஸ்புக் அந்த நாட்டில் செய்தியையே நிறுத்தியது. கொரோனாக் காலத்தில் சுகாதாரத் துறைப் பக்கங்களும், வானிலைப் பக்கமும் சேர்ந்து காணாமல் போயின. சில நாளில் சமரசம் பேசித் திறந்தார்கள்.

வேறு எந்த முதலாளிக்கும் இந்த வசதி கிடையாது. சினிமா முதலாளி அதிகபட்சம் தியேட்டரை மூடுவார். இவர்களோ நீங்கள் யாருக்காகச் சட்டம் எழுதுகிறீர்களோ அவர்களுடைய கையிலிருக்கும் போனையே உங்களுக்கு எதிராக ஒலிக்க வைப்பார்கள். அமெரிக்காவில் எந்தக் கம்பெனி எந்த மசோதாவுக்காக ஆள் வைத்துப் பேசியது, எவ்வளவு செலவு செய்தது என்று பதிவு செய்ய 1995-லிருந்து சட்டம் இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்றுமில்லை. யார் வந்து உங்களைப் பார்த்தார்கள் என்பதை நீங்களாகவாவது வெளியிடலாம். பதிப்புரிமை பற்றிப் பேச வந்தவர் எந்தக் கம்பெனி என்று ஒரு வரி எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்?

சொன்ன மாதிரி பெட்டி வரும், கறுப்புப் பக்கம் வரும், "என் குரலை நசுக்காதீர்கள்" என்று எங்கள் பேரில் உங்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் வரும். சிலது உண்மையாகவும் இருக்கும், அதனால் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். நாலைந்தை எடுத்து அந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பாருங்கள். எடுப்பவர் எங்கள் தெரு ஆளாக இருந்தால், அவருடைய பாட்டு எது, அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

தம்பியின் பாட்டு இறக்கினது இறக்கினபடி கிடக்கிறது. என் ஹார்ட் டிஸ்கில் மூலப் பதிவு பத்திரமாக இருக்கிறது, 2018-ம் வருஷத் தேதியோடு. கேட்க வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் மாடிக்கு வாருங்கள். ரயில் போகும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திப் போட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
வியாசர்பாடியில் பாட்டுப் பதிவு செய்பவன்